எட்டு ஜிபி லேப்டாப்ல முதல் ஆப்: கோட்லினா, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, இல்ல வெறும் வெப்பேஜே போதுமா?

மும்பைல நம்ம பசங்க நிறைய பேரோட நிலைமை இதுதான். காலேஜ்ல ஜாவாவோ பைத்தானோ கொஞ்சம் தொட்டிருப்பாங்க, கையில ஒரு ஆண்ட்ராய்டு போன், வீட்ல லேமிங்டன் ரோட்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குன எட்டு ஜிபி ரேம் லேப்டாப், இத வச்சு மொபைல் ஆப் பண்ணக் கத்துக்கணும், எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க. நெட்ல தேடுனா எதுக்குச் சம்பளம் ஜாஸ்தி, எது வேகம், எது இன்னும் ரெண்டு வருஷத்துல செத்துடும்னு ஒரே சண்டையா இருக்கு. முதல் ஆப் எழுதப்போறவனுக்கு அந்தச் சண்டையால பைசா பிரயோஜனம் இல்ல. உங்க லேப்டாப் எதைத் தாங்கும், ஆப் யாரோட போன்ல ஓடப்போகுது, போனுக்குள்ள எவ்வளவு ஆழமா அது கை வைக்கணும், இத மட்டும் பாத்தாலே பாதிக் குழப்பம் தீந்துடும்.

வெறுமனே ஒப்பிட்டா எல்லாமே நல்லாத்தான் தெரியும், அதனால ஒரு நெஜ ஆப்பை நடுவுல வச்சுக்கலாம். தாராவில 90 அடி ரோட்டுப் பக்கம் எங்க அத்தை ஒருத்தங்க இட்லி போட்டுக் குடுக்குறாங்க. விடியுறதுக்கு முன்னாடியே சைக்கிள்காரங்க வந்து எடுத்துட்டு, ஹார்னைப் பாம் பாம்னு அமுக்கிக்கிட்டே மாதுங்கா, சயான், பரேல்னு கெளம்பிடுவாங்க, வித்துட்டு வந்து காசு குடுப்பாங்க, பாதிப் பேருக்கு உதார், அதாவது கடன். கணக்கெல்லாம் ஒரு நோட்டுல. இத ஆப்பா பண்ணித் தர்றேன்னு எங்க அக்கா பையன் கெளம்பிட்டான், “மாமா, ஃப்ளட்டரா ரியாக்ட் நேட்டிவா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க”ன்னு எனக்குப் போன். அத்தையோட கவலை வேற. “ஏல, எழுத்து பெருசா இருக்கணும், கை மாவாக் கெடக்கும், நெட்டு இல்லேன்னாலும் தொறக்கணும், அவ்ளோதாம்ல.”

எந்தக் கம்பெனி ரெக்வைர்மெண்ட் டாக்குமெண்டும் இவ்வளவு தெளிவா இருந்து நான் பாத்ததில்ல. ஆஃப்லைன்ல ஓடணும், தமிழ்ல இருக்கணும், பட்டன் பெருசா இருக்கணும், வெலை கம்மியான ஆண்ட்ராய்டு போன்ல மெதுவாகாம ஓடணும். பின்னாடி என்னைக்காவது ப்ளூடூத் பில் பிரிண்டர் ஒண்ணு சேக்கணும்னு பையனுக்கு ஆசை. இப்ப ஒவ்வொண்ணா வரலாம்.

முதல்ல வெப்பேஜ், அதாவது பிடபிள்யூஏ, ஆப் மாதிரியே நடந்துக்குற வெப்பேஜ். இத நிறைய பேர் ஆப் கணக்குலயே சேக்க மாட்டாங்க, ஆனா கத்துக்குறவனுக்கு இதுதான் ரொம்ப மலிவு. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பேரும் ஐகானும் சொல்ற ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைல், நெட் இல்லாதப்ப பக்கத்தை எடுத்துக் குடுக்குற ஒரு சர்வீஸ் வொர்க்கர், அவ்வளவுதான், குரோம்ல தொறந்து ஹோம் ஸ்க்ரீன்ல சேத்துட்டா ஐகான் வந்துடும், நெட் இல்லாமலும் தொறக்கும், டேட்டா பிரவுசருக்குள்ளயே இருக்குற இன்டெக்ஸ்டு டிபில போய் உக்காந்துக்கும். லேப்டாப்புக்கு நாலு ஜிபி இருந்தாலே ஓடும். ப்ளே ஸ்டோரும் வேணாம், காசும் வேணாம், வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்புனா முடிஞ்சுது. ஐபோன்லயும் ஓடும், 2023ல வந்த ஐஓஎஸ் 16.4ல இருந்து ஹோம் ஸ்க்ரீன்ல சேத்த வெப் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் கூட வரும்.

அப்ப பிரச்சனை எங்க? அத்தை வீட்ல யாராவது ஒரு வாண்டு குரோம்ல போய் ஹிஸ்டரி அழிக்கிறப்ப குக்கீஸ், சைட் டேட்டான்னு இருக்குற டிக்கையும் சேத்து விட்டா, மொத்த உதார் கணக்கும் போச்சு, ஏன்னா அந்த டேட்டா குரோமோட வீட்லதான் குடியிருக்கு. கணக்கு ஆப்புக்கு இது லேசான விஷயம் இல்ல. சர்வர்ல ஒரு காப்பி வச்சுக்கலாம், ஆனா அப்ப பேக்கெண்ட் (சர்வர் பக்கத்துக் கோட்), லாகின்னு வேலை இழுத்துக்கிட்டே போகும். பிரிண்டரும் இதுல இடிக்கும், ஆண்ட்ராய்டு குரோம்ல வெப் ப்ளூடூத் இருக்கு, ஆனா அது பிஎல்இங்கிற கம்மி பவர் ப்ளூடூத் வகைய மட்டும்தான் பேசும், சந்தைல கெடைக்கிற மலிவு பில் பிரிண்டர் நிறைய பழைய கிளாசிக் ப்ளூடூத், சஃபாரில அதுவும் கெடையாது. ஆனாலும் ஸ்க்ரீன் எப்படி இருக்கணும், எந்தப் பட்டன் எங்க வரணும்னு அத்தை கையில குடுத்துப் பாக்குறதுக்கு வெப்பேஜ மிஞ்சி எதுவும் இல்லங்கிறதுதான் என் கருத்து. மாவுக் கையோட தொட்டா ஸ்க்ரீன் சரியா எடுக்காது, ஈரம் பட்டா தானா ஒரு தட்டு தட்டுன மாதிரி நெனச்சுக்கும், அதனால அழிக்கிற பட்டனும் சேக்குற பட்டனும் பக்கத்துப் பக்கத்துல இருக்கக்கூடாது, இதெல்லாம் எந்த டுடோரியல்லயும் வராது, குடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

அடுத்தது கோட்லின். ஆண்ட்ராய்டோட சொந்த வழி. 2017ல கூகுள் இத அதிகாரப்பூர்வமா ஏத்துக்குச்சு, 2019ல இதுக்குத்தான் முதல் மரியாதைன்னு சொல்லிடுச்சு, ஸ்க்ரீன் வரையுறதுக்கு ஜெட்பேக் கம்போஸ் 2021ல நிலையான வெர்ஷனா வந்துச்சு. ஜாவா தெரிஞ்ச பையனுக்குக் கோட்லின் ரொம்பத் தூரம் இல்ல. கூகுளோட ‘ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்’ங்கிற கோர்ஸ் இலவசம், ஒண்ணுமே தெரியாதவனையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரித்தான் எழுதியிருக்காங்க, யூட்யூப்ல நாப்பது வீடியோ பாக்குறதுக்கு இத ஒழுங்கா முடிக்கலாம்.

இதோட பலம் என்னன்னா போன்ல இருக்குற எல்லாமே நேரடியாக் கைக்கு வரும். ரூம்னு ஒரு லைப்ரரி, அடியில எஸ்க்யூஎல்லைட்ங்கிற டேட்டாபேஸ், கணக்கு ஆப்புக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. ஆட்டோ பேக்கப்னு ஒண்ணு ஆண்ட்ராய்டு 6ல இருந்தே இருக்கு, 25 எம்பி வரைக்கும் ஆப் டேட்டாவ யூசரோட கூகுள் கணக்குல தானாவே எடுத்து வச்சுக்கும், இட்லிக் கணக்கு பத்து வருஷம் எழுதுனாலும் 25 எம்பி வராது. பிரிண்டர் கிளாசிக் ப்ளூடூத்தா இருந்தாலும் கவலை இல்ல. ஆப் சைஸ் சின்னதா இருக்கும், மெமரி ஃபுல்னு எப்பவும் கத்திக்கிட்டே இருக்குற போனுக்கு அது முக்கியம். இந்தியாவுல பத்துல ஒன்பது போனுக்கு மேல ஆண்ட்ராய்டுங்கிறப்ப, ஆண்ட்ராய்டு மட்டும் போதும்னு சொல்றது ஒண்ணும் சமாதானப்படுத்திக்கிறது இல்ல.

இடிக்கிற எடம் லேப்டாப். ஆப் எழுதுற சாஃப்ட்வேரான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு மட்டும் எட்டு ஜிபி, எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள்ளயே ஓடுற பொய்ப் போன்) சேந்தா பதினாறுன்னு கூகுளே சொல்லுது, எட்டு ஜிபில ஸ்டூடியோ, எமுலேட்டர், குரோம்ல நாலு டேப் மூணையும் தொறந்தீங்கன்னா ஃபேன் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும், மவுஸ் நகராது. இதுக்கு வழி எமுலேட்டரையே மறந்துட்டு போனை வயர்ல மாட்டுறதுதான். செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுல பில்டு நம்பரை ஏழு தடவ தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தொறக்கும், யூஎஸ்பி டீபகிங் ஆன் பண்ணிட்டா ஆப் நேரா போன்லயே வந்து ஓடும். கேபிள் மட்டும் டேட்டா போற கேபிளா பாத்துக்கோங்க, ரோட்டுக் கடைல வாங்குற கேபிள் பாதி சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், அது தெரியாம டிரைவர் சரியில்லன்னு பாதி நாள் போயிடும். ஹார்டு டிஸ்க் போட்ட பழைய லேப்டாப்னா மொதல்ல ஒரு எஸ்எஸ்டி போடுங்க, கோர்ஸ்க்குச் செலவு பண்றத விட அது புண்ணியம்.

ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் ஒரே கோட் எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓட்டுற வழி. ரெண்டையும் ஒரே தராசுல போட்டுப் பேசுறாங்க, உள்ள போய்ப் பாத்தா ரெண்டும் வேற வேற புத்தி. ஃப்ளட்டர் கூகுளோடது, 2018 டிசம்பர்ல 1.0 வந்துச்சு, டார்ட்னு ஒரு மொழி, ஸ்க்ரீன்ல வர்ற பட்டன், லிஸ்ட் எல்லாத்தையும் தானே வரைஞ்சுக்கும், அதனால மலிவு போன்லயும் வெலை கூடுன போன்லயும் ஒரே மாதிரி தெரியும். ரியாக்ட் நேட்டிவ் ஃபேஸ்புக் 2015ல வெளிய விட்டது, ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுனா போனோட சொந்தப் பட்டன், சொந்த டெக்ஸ்ட்டையே எடுத்து வைக்கும்.

கத்துக்குறவன் பக்கத்துல இருந்து பாத்தா ரியாக்ட் நேட்டிவோட பெரிய வசதி எக்ஸ்போ. போன்ல எக்ஸ்போ கோ ஆப்பைப் போட்டு, லேப்டாப்ல வர்ற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா நீங்க எழுதுனது போன்ல ஓடும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல, கோடை ஆப்பாக் கட்டித் தர்ற கிராடில்னு ஒரு பேர் இருக்குங்கிறதே தெரியாம மாசக்கணக்குல ஓட்டலாம். ரொம்ப லொடலொட லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கு இதுக்கு மேல ஒரு வரம் கெடையாது. ஆனா எக்ஸ்போ கோக்குள்ள ஏற்கெனவே என்ன இருக்கோ அதுவரைக்கும்தான் ஆட்டம், பிரிண்டர் மாதிரி வெளிய இருந்து ஒரு நேட்டிவ் லைப்ரரி சேக்கணும்னா டெவலப்மெண்ட் பில்டுன்னு தனியா ஒண்ணு கட்டணும், அங்கதான் விட்ட கிராடில் திரும்ப வந்து வாசல்ல நிக்கும். வெர்ஷன் தொல்லையும் உண்டு, ப்ளே ஸ்டோர்ல எக்ஸ்போ கோ புது எஸ்டிகே (டெவலப்பர் டூல்கிட்) வெர்ஷனுக்குத் தாவிடும், உங்க ப்ராஜெக்ட் பழசுல நிக்கும், தொறக்காது. பேக்கேஜ் ஒண்ணு அப்டேட் பண்ணா இன்னொண்ணு கோச்சுக்குறது இந்த ஜாவாஸ்கிரிப்ட் ஊர்ல தினசரி சமாச்சாரம், அத ரசிக்கிற மனசு இருந்தா வாங்க.

ஃப்ளட்டர்ல ஆரம்பம் கொஞ்சம் கஷ்டம், ஆண்ட்ராய்டு எஸ்டிகே இறக்கணும், முதல் பில்டுல கிராடில் டேட்டாவக் குடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல பண்ணீங்கன்னா அன்னைய டேட்டா பேக் காலி. அதத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் சொகம். விஎஸ் கோட்ங்கிற லேசான எடிட்டர்ல எழுதலாம், ஸ்டூடியோவத் தொறக்கவே வேணாம், ஹாட் ரீலோடு இருக்கு, ஒரு கலரை மாத்தி சேவ் பண்ணா கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள போன்ல மாறி நிக்கும், இருந்த ஸ்க்ரீன்லயே இருக்கும், திரும்ப முதல்லேர்ந்து போக வேண்டியதில்ல. டார்ட் புது மொழியாச்சேன்னு பயப்படாதீங்க, ஜாவா படிச்சவனுக்கு ஒரு வாரத்துல கண்ணுக்குப் பழகிடும். டாக்குமெண்டேஷன் ஒரே எடத்துல ஒழுங்கா இருக்கு, எந்த நேவிகேஷன் லைப்ரரி, எந்த ஸ்டைல் லைப்ரரின்னு முதல் நாளே நாலு பேரைக் கேட்டு நிக்க வேண்டியதில்ல. ஆப் சைஸ் கோட்லினை விடச் சில எம்பி கூட, அது ஒண்ணும் கழுத்தைப் பிடிக்காது.

ஃப்ளட்டரை வச்சே வெப்பும் பண்ணிக்கலாம்னு ஆசை காட்டுவாங்க, அதுல மட்டும் ஜாக்கிரதை. ஃப்ளட்டர் வெப்ல தமிழ் ஃபாண்ட்டை நீங்களே ஆப்புக்குள்ள வைக்கலேன்னா, ஓடுறப்ப நெட்ல இருந்து நோட்டோ ஃபாண்ட்டை இறக்கித்தான் எழுத்தக் காட்டும், நெட் இல்லேன்னா அத்தைக்குக் கட்டம் கட்டமாத் தெரியும். போன் ஆப்ல இந்தப் பிரச்சனை இல்ல, அங்க சிஸ்டம் ஃபாண்ட் இருக்கு.

தமிழ் பத்திப் பேச்சு வந்ததால இன்னொண்ணு. ‘தமிழ்’னு ஒரு ஸ்ட்ரிங்கைக் குடுத்து நீளம் கேட்டா கோட்லின், ஜாவாஸ்கிரிப்ட், டார்ட் மூணும் 5னு சொல்லும், புள்ளி, இகரக் குறி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணிடும். ஸ்விஃப்ட் மட்டும் ஒழுங்கா 3னு சொல்லும். டார்ட்ல கேரக்டர்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அத வச்சுக் கேட்டா 3 வரும். சின்ன விஷயம்தானேன்னு விட்டா, சைக்கிள்காரர் பேரோட முதல் எழுத்த மட்டும் ஒரு வட்டத்துல காட்டலாம்னு கோட் எழுதுவீங்க, ‘முருகன்’ வெறும் ‘ம’ன்னு நிக்கும், அத்தை சிரிப்பாங்க. இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ற வரைக்கும் இது கண்ணுல படாது.

ஐபோன் பக்கம் சுருக்கமா முடிச்சிடுறேன். ஸ்விஃப்ட் 2014ல வந்த நல்ல மொழி, ஸ்விஃப்ட்யூஐ 2019, எழுதுறதுக்கு இனிமையா இருக்கும், ஆனா ஐபோன் ஆப் கட்டுற எக்ஸ்கோட் மேக்ல மட்டும்தான் ஓடும், அதுக்கு மேல பேச்சே இல்ல. பழைய இன்டெல் மேக்கை மலிவா வாங்கி ஆரம்பிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மேக்ஓஎஸ் டஹோவோட இன்டெல் மெஷினுக்குக் கதவு சாத்துறதா 2025ல ஆப்பிளே அறிவிச்சாச்சு. ஆப் ஸ்டோருக்கு வருஷா வருஷம் 99 டாலர். காசு கட்டாம உங்க சொந்த ஐபோன்ல போட்டுப் பாக்கலாம், ஏழு நாள்ல அது தொறக்காமப் போயிடும், திரும்ப மேக்ல மாட்டணும். யார்கிட்டயாவது ஐபேட் இருந்தா ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் போட்டுப் பாருங்க, அதுலயே ஆப் எழுதி ஸ்டோருக்கே அனுப்பலாம், 2021 கடைசில இருந்து அந்த வசதி இருக்கு, நம்மாளுங்களுக்கு இது அவ்வளவாத் தெரியாது. ஃப்ளட்டர்ல எழுதுனாலும் ஐபோனுக்குக் கட்டுறப்ப மேக் வேணும், இல்லேன்னா வெளிய ஒரு கிளவுட் சர்வீஸ் பிடிக்கணும், எக்ஸ்போவுல அவங்க கிளவுட்லயே கட்டிக்கலாம், 99 டாலர்ல இருந்து தப்பிக்க முடியாது.

எம்ஐடி ஆப் இன்வென்டர் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அருமை, பிரவுசர்லயே பிளாக்கை இழுத்து மாட்டினா ஆப். கூகுள்ல பொறந்து எம்ஐடிக்குப் போனது. வேலைக்குப் போக நெனைக்கிறவன் இதுல ஒரு சனி ஞாயிறு வெளையாடிட்டு நகந்துடலாம்.

எது செத்துப்போகும்ங்கிற பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஸாமரின்னு இதே மாதிரி ஒரே கோட்ல ரெண்டு போன்லயும் ஓட்டுற வழி ஒண்ணு இருந்துச்சு, மைக்ரோசாஃப்ட் 2024 மே 1ஆம் தேதியோட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. அதே வருஷம் கூகுள்ல ஃப்ளட்டர் டீம்ல ஆள்குறைப்பு நடந்தப்ப ஃப்ளட்டர் காலின்னு ஒரு ஊரே அழுதுச்சு, அதுக்கப்புறமும் வெர்ஷன் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. சொந்த வழில போனா பத்திரம்னும் சொல்ல முடியாது, ஆண்ட்ராய்டு ஜாவால இருந்து கோட்லினுக்கும், ஸ்க்ரீன் வரையுறதுல எக்ஸ்எம்எல்ல இருந்து கம்போஸுக்கும் மாறுனப்ப பழைய ஆளுங்க எல்லாம் திரும்பக் கத்துக்கிட்டாங்க. ஒரு ஸ்க்ரீனோட நெலைமைய எங்க வைக்கிறது, பெர்மிஷன் மறுத்துட்டா என்ன பண்றது, போன் ஆப்பைப் பாதில கொன்னுட்டா எழுதுனது எப்படித் தப்பிக்கும், இதெல்லாம் எதுல கத்துக்கிட்டாலும் கூடவே வரும். ஏஐகிட்ட கோட் கேக்குறவங்களுக்கும் இதே கதைதான், கம்போஸ் கேட்டா நடுவுல எக்ஸ்எம்எல்லைச் சொருகும், போன்ல டேட்டா சேத்து வைக்கிற ஏசிங்க் ஸ்டோரேஜை ரியாக்ட் நேட்டிவ்ல இருந்தே இம்போர்ட் பண்ற செத்துப்போன வரியைத் தரும், எது பழசுன்னு பிரிக்கிற அளவுக்காவது நீங்க படிச்சிருக்கணும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? வெப்பேஜ்ல ரெண்டு ஸ்க்ரீனை மட்டும் பண்ணி அத்தை கையில குடு, அப்புறம் ஃப்ளட்டர்ல எழுதுன்னேன். அவன் லேப்டாப் எட்டு ஜிபி, ஜாவா தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது, சைக்கிள்காரங்கள்ல ஒருத்தர் ஐபோன் வச்சிருக்கார் (எப்படின்னு கேக்காதீங்க), ஹாட் ரீலோடு இருந்தா சலிக்காமக் கத்துப்பான். இதே ஆளுக்குப் பதினாறு ஜிபி இருந்து, வேலைக்குப் போற எண்ணத்தோட போனைப் பத்தியே முழுசாப் படிக்கணும்னா கண்ண மூடிட்டு கோட்லின்தான் சொல்லியிருப்பேன், இப்பவும் என் மனசு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாயுது. வெப் டெவலப்பரா ஏற்கெனவே அந்தேரிலயோ ஐரோலிலயோ வேலை பாக்குறவங்க ரியாக்ட் தெரிஞ்சுக்கிட்டே ஃப்ளட்டருக்குப் போறது வீண் அலைச்சல், நேரா எக்ஸ்போ எடுங்க.

ப்ளே ஸ்டோர்ல போடுறப்ப மட்டும் எல்லாருக்கும் ஒரே விதி, எதுல எழுதுனாலும். கணக்கு தொறக்க ஒரு தடவ 25 டாலர். 2023 நவம்பர் 13க்கு அப்புறம் தொறந்த தனிநபர் கணக்குன்னா, ஊருக்கு வெளியிடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா இருக்கணும், முன்னாடி இது 20 பேரா இருந்துச்சு, குறைச்சிருக்காங்க. 12 ஆண்ட்ராய்டு போன், 12 ஜிமெயில், நடுவுல யாரும் வெளிய போயிடக்கூடாது. தாராவில சொந்தக்காரங்களுக்குப் பஞ்சமில்ல, ஆனா ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குறவங்க பன்னெண்டு பேரைத் தேடுறதுதான் கஷ்டம், அந்த வேலைய ஆப் பாதி முடியுறப்பவே ஆரம்பிச்சுடுங்க. அத்தைக்கு மட்டும்னா இதெல்லாம் வேணாம், ஏபிகே ஃபைலை (ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) வாட்ஸ்அப்ல அனுப்பி இன்ஸ்டால் பண்ணிக்கலாம், ஒரு எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். ஆனா அந்த ஏபிகேய சைன் பண்ண (நீங்க பண்ணதுதான்னு முத்திரை குத்த) வச்சிருக்குற கீ ஃபைலை லேப்டாப்ல மட்டும் வைக்காம ரெண்டு எடத்துல வச்சுக்கோங்க. அது தொலைஞ்சா அடுத்த வெர்ஷன் பழசு மேல ஏறாது, அழிச்சிட்டுத்தான் போடணும், அழிச்சா போன்ல இருக்குற கணக்கும் சேந்து போயிடும்.